பஜனைக்கு கீபோர்டு வாங்கப் போறீங்களா? முதல்ல கட்டையோட கனத்தைப் பாருங்க



போன கிருத்திகை முடிஞ்சு பிரசாதம் வாங்கிட்டு நிக்கும்போது ஒரு அன்பர் கேட்டார்: "எங்க வீட்டு ஆர்மோனியத்துல ரீடு போயிடுச்சு, சரி பண்ண ஆள் கிடைக்கலை. கீபோர்டு வாங்கலாம்னு இருக்கோம். கடையில வெயிட்டட் வேணுமா, செமி வெயிட்டட் வேணுமான்னு கேக்கறாங்க. எது நல்லது?"

அவருக்கு அங்கேயே ரெண்டு வரியில பதில் சொல்லியிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்கு அவசரமா பதில் சொல்லித்தான் நான் ஒரு தடவை எங்க அப்பாவோட பாட்டையே நிறுத்தப் பார்த்தேன். அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன். வீட்டில் பஜனை செய்கிறவர்கள், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நடந்தது இதுதான்

எங்க வீடு கும்பகோணத்தில். சுவாமிமலை பக்கம்தான் என்பதால் மாதக் கிருத்திகைக்குக் கோவிலுக்குப் போய், அறுபது படியும் ஏறி தரிசனம் பண்ணிட்டு வந்து, சாயங்காலம் வீட்டில் திருப்புகழ் பாடுவது அப்பா காலத்துப் பழக்கம். பாடுகிறவர்கள் பத்து பன்னிரண்டு பேர். பெட்டி அப்பாதான். (எங்க பக்கத்துல ஆர்மோனியத்தைப் பெட்டின்னுதான் சொல்வோம்.)

அப்பாவுக்கு எழுபத்து நாலு வயசுல இடது தோள் பிடிச்சுக்கிட்டுது. ஆர்மோனியத்தில் வலது கை வாசிக்கும், இடது கை துருத்தி போடும். தோள் தூக்க முடியலைன்னா துருத்தி இல்லை. துருத்தி இல்லைன்னா சத்தம் இல்லை. சரி, கரண்ட்டில் ஓடும் கீபோர்டு வாங்கிட்டா இடது கைக்கு வேலையே இல்லையேன்னு நினைச்சேன். "இருக்கறதுலயே உசத்தியானது கொடுங்க"ன்னு கேட்டு, 88 கட்டை உள்ள, முழு வெயிட்டட் டிஜிட்டல் பியானோ ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்.

அப்பா முதல் நாள் சந்தோஷமா தொட்டுப் பார்த்தார். அந்தக் கிருத்திகையில் மூணு பாட்டு வாசிச்சார். அதுக்கப்புறம், "நீங்க பாடுங்கப்பா, நான் தாளம் போடறேன்" என்றார். அடுத்த மாசமும் தாளம்தான். அதுக்கு அடுத்த மாசம் சுவரோரமா சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தார். வயசாயிடுச்சு, ஆர்வம் குறைஞ்சு போச்சுன்னு நாங்களா முடிவு பண்ணிட்டோம்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்குப் போனவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தால், அந்த வீட்டுப் பையனோட சின்ன கீபோர்டை மடியில வைச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா வாசிச்சுக்கிட்டு இருக்கார். "ஏம்ப்பா, நம்ம வீட்ல அவ்வளவு பெருசு இருக்கே?"ன்னு கேட்டேன். "அது நல்ல சாமான்தான்டா. அமுக்கினா விரல் முட்டி வலிக்குது. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை" என்றார்.

உசத்தியானது எது என்று கேட்டேனே தவிர, யார் வாசிக்கப் போகிறார், என்ன வாசிக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பாடம் முழுக்க அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

பெட்டி எங்கிருந்து வந்தது

ஆர்மோனியம் நம்ம ஊர் வாத்தியம் இல்லை. பிரான்ஸில் 1840களில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்றது. அது காலால் மிதித்து வாசிக்கும் மேஜை போன்ற வாத்தியம். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875இல் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கிற பெட்டியாக மாற்றினார். பிறகுதான் நாடகக் கொட்டகை, பஜனை மடம், வீட்டுக் கூடம் என்று எல்லா இடத்துக்கும் போனது.

சங்கீத வித்வான்கள் பலருக்கு அதன்மேல் மனக்குறை உண்டு. கட்டைக்குக் கட்டை சுரம் நின்றுவிடும், கமகம் வராது என்பார்கள். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971இல்தான் அது தளர்ந்தது. அதே வாத்தியத்தில் பல்லடம் வெங்கடரமண ராவ் போன்றவர்கள் கர்நாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டினார்கள். நம் காலத்தில் கீபோர்டு சத்யநாராயணன் கீபோர்டிலேயே முழுக் கச்சேரி செய்கிறார். தஞ்சாவூர்ச் சீமைக்கு இது புதுசும் இல்லை. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினை நம்ம சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளியூர்ச் சாமானைக் கையில் வாங்கி நம்ம பாட்டுக்கு வளைப்பது இந்த மண்ணோட பழக்கம்.

நாம பேசும் சுருதிக் கணக்கே பெட்டியிலிருந்து வந்ததுதான். "அவருக்கு ஒரு கட்டை, அந்தம்மாவுக்கு அஞ்சு கட்டை" என்கிறோமே, அது பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்வது.

கட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது

கீபோர்டில் மூன்று வகைக் கட்டை உண்டு. மேலே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்; வித்தியாசம் உள்ளே.

ஒன்று, சாதாரணக் கட்டை. கீழே ஸ்பிரிங் மட்டும். விரலை எடுத்ததும் சட்டென்று மேலே வந்துவிடும். சந்தையில் உள்ள 61 கட்டை கீபோர்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இரண்டு, செமி வெயிட்டட். ஸ்பிரிங் உண்டு, கூடவே கட்டையில் கொஞ்சம் கனம் சேர்த்திருப்பார்கள். அமுக்கும்போது ஒரு பிடிமானம் இருக்கும், ஆனாலும் சீக்கிரம் எழும்.

மூன்று, வெயிட்டட் அல்லது ஹேமர் ஆக்‌ஷன். பியானோவில் கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தியல் எகிறிப் போய்த் தந்தியை அடிக்கும். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700 வாக்கில் கண்டுபிடித்த முறை அது. டிஜிட்டல் பியானோவில் தந்தி கிடையாது. ஆனால் அந்த உணர்வுக்காக ஒவ்வொரு கட்டையோடும் ஒரு கனமான சுத்தியல் நெம்புகோலை இணைத்திருப்பார்கள். தரமானவற்றில் இடதுபக்கக் கட்டைகள் அதிக கனமாகவும் வலதுபக்கம் போகப்போகக் குறைவாகவும் இருக்கும். அசல் பியானோ அப்படித்தான் இருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பியானோக் கட்டையை மெதுவாகக் கீழே இறக்க சுமார் 50 கிராம் போதும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் ஏழே முக்கால் கிராம். ஆறு ஏழு நாணயத்தைக் கட்டை நுனியில் அடுக்கினால் அது தானே இறங்கும். சில ஸ்பிரிங் கட்டைகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு நாணயம் தேவைப்படும். அப்புறம் எப்படி ஒன்று கனம், இன்னொன்று லேசு?

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. சுத்தியல் என்பது தூங்குகிற பொருள்; அதைத் திடீரென்று கிளப்பத்தான் அதிக பலம் வேண்டும். சும்மா நிற்கிற மாட்டு வண்டியை முதலில் தள்ளுகிற மாதிரி. கிளம்பிவிட்டால் தானே போகும். ஸ்பிரிங் நேர் எதிர்: தொடக்கத்தில் லேசு, கீழே போகப்போக எதிர்த்துத் தள்ளும். ஆக, மெதுவான பாட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வேகமான பாட்டில்தான் விரலுக்குத் தெரியும். கடையில் நின்று நாலு கட்டையை மெதுவாகத் தொட்டுப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவது இதனால்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

நம்ம பாட்டுக்கு எது ஒத்துவரும்

திருப்புகழை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயிர் சந்தம். குறிலும் நெடிலும் மெல்லினமும் வல்லினமும் அடுக்கடுக்காக ஓடிவரும். பெட்டி வாசிப்பவர் பாடுகிறவர்களோடு எழுத்துக்கு எழுத்து கூடவே போகணும். ஒரே சுரத்தில் நாலு எழுத்து வந்தால் அதே கட்டையை நாலு தடவை தொடணும். பெட்டிக் கட்டைக்கு உள்ளே சுத்தியல் இல்லை; காற்று போகும் வாயைத் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. கொஞ்சம் இறங்கினாலே சத்தம் வந்துவிடும். முப்பது நாற்பது வருஷம் அதில் பழகிய விரல் அந்த லேசுக்குப் பழகியிருக்கும்.

சுத்தியல் கட்டையில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது பியானோக்காரர்களுக்கே பழைய தலைவலி. அதற்காகவே செபாஸ்தியன் எரார் உருவாக்கிய, கட்டை முழுவதும் மேலே வராமலே மறுபடி அடிக்கும்படியான பொறியமைப்புக்கு 1821இல் காப்புரிமை வாங்கப்பட்டது. இன்றைய டிஜிட்டல் பியானோக்களில் ஒரு கட்டைக்கு மூன்று சென்சார் வைத்திருந்தால் அந்த வசதி ஓரளவு கிடைக்கும். இரண்டு சென்சார் மட்டும் இருந்தால் கட்டை நன்றாக எழுந்த பிறகுதான் அடுத்த சுரம் பேசும்.

இன்னொன்று கமகம். கீபோர்டின் இடது ஓரத்தில் பிட்ச் பெண்ட் என்று ஒரு சக்கரமோ நெம்புகோலோ இருக்கும். அதைத் தள்ளினால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலேயோ கீழேயோ போகும். வழக்கமாக மேலே இரண்டு கட்டை தூரம், கீழே இரண்டு கட்டை தூரம், கறுப்பையும் சேர்த்து எண்ணணும். துருத்தி போட்டுக்கொண்டிருந்த இடது கைக்கு இப்போது வேலை இல்லை அல்லவா? அந்தக் கையைக் கமகத்துக்குப் பழக்கலாம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வரும் 88 கட்டை வெயிட்டட் டிஜிட்டல் பியானோக்களில் பெரும்பாலும் இந்தச் சக்கரமே இருக்காது. பியானோவில் சுரம் வளையாதே, அதனால் வைக்க மாட்டார்கள். பஜனைக்கும் கர்நாடக இசைக்கும் வாங்குகிறவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆகவே என் கணக்கு இது:

பஜனை, திருப்புகழ், கர்நாடக இசை மட்டும் என்றால், 61 கட்டை செமி வெயிட்டட். அது கிடைக்காவிட்டாலோ, வயசானவர், விரல் முட்டி வலி உள்ளவர் என்றாலோ, நல்ல சாதாரணக் கட்டையே போதும். பெட்டிக்கே மூன்று, மூன்றரை ஸ்தாயிதான். 61 கட்டையில் ஐந்து ஸ்தாயி வந்துவிடுகிறது.

பிள்ளை மேற்கத்திய பியானோ படிக்கிறது, கிரேடு பரீட்சைக்குப் போகப் போகிறது என்றால், 88 கட்டை வெயிட்டட். இதில் சமரசம் வேண்டாம். மெல்ல அடித்தால் மெல்லிய ஒலி, ஓங்கி அடித்தால் பெரிய ஒலி என்ற அந்தக் கட்டுப்பாட்டை லேசான கட்டையில் பழகிய விரல், பரீட்சையில் அசல் பியானோ முன்னால் உட்கார்ந்தால் திணறும். பரீட்சையில் பியானோ வேறு பாடம், எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு பாடம். எதில் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டும் ஒரே வீட்டில் வேண்டும், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தினமும் யார் அதிக நேரம் உட்காருவார்களோ அவர் கைக்கு வாங்குங்கள். மாசம் ஒருநாள் வாசிப்பவர் சமாளிப்பார். தினம் வாசிப்பவரால் முடியாது.

துருத்திக்குப் பதில் என்ன?

பெட்டியில் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியால் நடக்கும், விரலால் இல்லை. கீபோர்டில் அது தலைகீழ். வேகமாக அடித்தால் சத்தம் அதிகம், மெதுவாக அடித்தால் குறைவு. இதை 'டச்' என்பார்கள். மிடி என்ற முறை 1983இல் வந்ததிலிருந்து ஒவ்வொரு தொடுதலின் வேகத்தையும் 1 முதல் 127 வரை எண்ணாக அளப்பது பொது வழக்கம். ஆர்மோனிய ஒலியில் வாசிக்கும்போது இந்த டச் சில கீபோர்டுகளில் தொந்தரவு பண்ணும். ஒரு எழுத்து கத்தும், ஒரு எழுத்து முனகும். அமைப்பில் போய் டச்சை 'ஃபிக்ஸட்' என்று வைத்துவிடுங்கள். பெட்டி மாதிரியே சமமாகப் பேசும்.

அப்புறம் ஏற்ற இறக்கத்துக்கு? எக்ஸ்பிரஷன் பெடல் என்று காலால் மிதிக்கும் சாமான் உண்டு. மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடும். துருத்தியின் மூச்சு அதில் ஓரளவு திரும்பக் கிடைக்கும். சஸ்டெய்ன் பெடல் வேறு. அது ஒலியை நீட்டும், அவ்வளவுதான். கீபோர்டின் பின்புறம் எக்ஸ்பிரஷன் பெடலுக்குத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றிலும் இருக்காது.

சுருதிக்கு 'டிரான்ஸ்போஸ்' பொத்தான். ஒரு கட்டையில் வாசிக்கப் பழகியவர் விரலை மாற்றவே வேண்டாம். ஒன்றரைக் கட்டைக்கு +1, இரண்டுக்கு +2, இரண்டரைக்கு +3, நாலுக்கு +5. ஐந்து கட்டைக்கு +7 அல்லது -5, ஐந்தரைக்கு +8 அல்லது -4. பெண்கள் பாடும் மண்டலியில் இந்தக் கடைசி இரண்டும்தான் அதிகம் தேவைப்படும்.

தம்பூராவோடு வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீபோர்டின் அந்தர காந்தாரம், தம்பூராவிலிருந்து தானாக எழும் காந்தாரத்தைவிட ஒரு இழை கூட நிற்கும். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் சுமார் பதினாலு பங்கு. 'ஸ்கேல் டியூன்' வசதி உள்ள கீபோர்டில் அந்த ஒரு சுரத்தை மட்டும் அவ்வளவு இறக்கிக்கொள்ளலாம். காது நன்றாக உள்ளவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே மனசு நிறையும்.

வீட்டையும் பாருங்க

88 கட்டை வெயிட்டட் என்றால் பொதுவாகப் பத்துப் பதினோரு கிலோவுக்கு மேல். யமஹா பி-45 பதினொன்றரை கிலோ. நீளம் நாலேகால் அடிக்கு மேல். அதை மடியில் வைக்க முடியாது, ஸ்டாண்டும் நாற்காலியும் வேண்டும். மற்றவர்கள் எல்லாம் தரையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, வாசிப்பவர் மட்டும் நாற்காலியில் தனியாக உட்காருவது எங்க அப்பாவுக்குக் கூச்சமாக இருந்ததாம். இதையும் பிறகுதான் சொன்னார்.

கடையில் 'கன்ட்ரோலர்' என்று ஒன்றும் காட்டுவார்கள். எம்-ஆடியோ கீஸ்டேஷன் 88 செமி வெயிட்டட், அதே கம்பெனியின் ஹேமர் 88 முழு வெயிட்டட். நல்ல சாமான்கள்தான். ஆனால் இவற்றுக்குச் சொந்தமாக ஒலியும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் பேசும். வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிற பிள்ளைகளுக்கு இது சரி. விளக்கேற்றி உட்கார்ந்ததும் வாசிக்க நினைக்கும் பெரியவர்களுக்கு வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்ம ஊர் ஈரம் தெரிந்ததே. கட்டைக்குக் கீழே ரப்பர் தொடுபொருள்கள் இருக்கும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் சில கட்டை கத்தும், சில பேசாது. வாசித்து முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். விபூதி, குங்குமம், சாம்பிராணிப் புகை எட்டாத தூரத்தில் வையுங்கள். எறும்பு வரும், பிரசாதக் கையோடு தொடாதீர்கள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பத்து நிமிஷம்

வாசிக்கப் போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். இதுதான் முதல் விதி. பிறகு:

1. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை மூன்று காலம். ஒரு கட்டை சுருதிக்கு வெள்ளையில் ச, க, ம, ப, நி; கறுப்பில் ரியும் தவும்.

2. ஜண்டை வரிசை. ச ச, ரி ரி, க க, ம ம என்று இரட்டை இரட்டையாக வருவதால் கட்டையின் குணம் இதில் தெரிந்துவிடும். விநாடிக்கு ஒரு தட்டு என்று தாளம் போட்டு, மூன்றாம் காலத்தில் தட்டுக்கு நாலு சுரம் வாசியுங்கள். இரண்டாவது சுரம் விழுங்கப்பட்டால் அந்தக் கட்டை உங்கள் பாட்டுக்கு வேண்டாம்.

3. கட்டையின் நுனியில் மட்டுமில்லாமல் உள்பக்கம், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவிலும் அமுக்கிப் பாருங்கள். சிலவற்றில் அங்கே இரண்டு மடங்கு கடினமாக இருக்கும்.

4. தெரிந்த பாட்டு ஒன்றை நிறுத்தாமல் பதினைந்து நிமிஷம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வலி ஐந்து நிமிஷத்தில் தெரியாது.

5. பெட்டியில் 'செமி வெயிட்டட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'டச் சென்சிட்டிவ்' என்று மட்டும் இருந்தால் அது வேறு. விரலின் வேகத்தை அது அளக்கும் என்றுதான் பொருள். கட்டையில் கனம் இருக்கிறது என்று பொருள் இல்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் நிறைய பேர் வாங்குகிறார்கள்.

முடிவாக

எங்க வீட்டில் அந்தப் பெரிய பியானோ வீணாகவில்லை. என் பொண்ணு அதில் பியானோ படிக்கிறாள். அவள் கைக்கு அதுதான் சரி. அப்பாவுக்கு 61 கட்டையில் லேசானதாக ஒன்று, அவரையே கூட்டிப்போய், அவரே ஜண்டை வரிசை வாசித்துப் பார்த்து எடுத்தோம். விலை, முன்னே வாங்கினதில் பாதிகூட இல்லை. கையில் எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, "இதை முதல்லயே கேட்டிருக்கலாமே நீ" என்றார். கேட்டிருக்கலாம்தான்.

அடுத்த கிருத்திகையில் அவர் தரையில், எங்களோடு, ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வாசித்தார். தாளம் போட ஆள் இல்லாமல் நான் போட்டேன். இரண்டு இடத்தில் தப்பினேன். பாட்டை நிறுத்தாமலே என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து மூணு மாசம் ஆகியிருந்தது.

உங்கள் வீட்டிலும் பாட்டை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற பெரியவர் யாராவது இருந்தால், வயசாயிடுச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள்: "கை வலிக்குதா?"

இந்தப் பதிவு கீபோர்டு வாங்க நினைக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்றால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.

வேலும் மயிலும் துணை.